தொழிலிடத்து அமானிதமும் ஒரு கட்டு நாள்காட்டித் தாள்களும்



நோன்பு ஜூன் 7ஆம் தேதி தொடங்கிய ஆண்டு அது. பாலாற்றங்கரைத் தோல் நகரங்களுள் ஒன்றில், காலணியின் மேற்பகுதி தைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் பணியை நாங்கள் மூவர் ஏற்றிருந்தோம். அதுவரை அங்கே கணக்கு முழுவதும் பேரேட்டில்தான் இருந்தது. முப்பது ஆண்டுகளாக அதை எழுதிவந்த பெரியவர் ஒருவர், மாதம் பிறந்ததும் நான்கு நாட்கள் குனிந்த தலை நிமிராமல் கூட்டிப் பெருக்கி, 340 தொழிலாளர்களின் ஊதியத்தைக் கணித்துத் தருவார். கதவருகே பொருத்தப்பட்ட கைரேகை இயந்திரத்தின் பதிவை நேராக மென்பொருளுக்குள் வாங்கி, அந்த நான்கு நாள் வேலையை ஒரு மணி நேரமாக்குவதே எங்கள் பணி.

ஜூன் மாதச் சம்பளம் புதிய மென்பொருளின் வழியே முதன்முதலாக வழங்கப்பட வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. அதை எழுதியவர்களும் நாங்களே. முதல் மாதம் பேரேட்டுக் கணக்கையும் மென்பொருள் கணக்கையும் அருகருகே வைத்து, ஒருவர் விடாமல் ஒப்பிட்ட பிறகே பணம் வழங்குவது என்பது அந்த நிபந்தனை. பெரியவர், "ரெண்டு நாள் கொடுங்க தம்பி, நான் என் பக்கத்தை முடிச்சிடுறேன்" என்றார். பெருநாளுக்கு மூன்று நாட்களே இருந்தன. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அவரிடம் நினைவூட்டி, ஒப்பிடும் வேலையை அடுத்த மாதத்துக்குத் தள்ளினோம். அவர் மறுத்துப் பேசவில்லை. ஹதீஸைச் சொல்லிவிட்டால் யார்தான் மறுப்பார்?

அந்த நேரத்தில் எங்களை விரட்டியது ஹதீஸ் அன்று. பணியை முடித்துவிட்டோம் என்று பெருநாளுக்கு முன் சொல்லிக்கொள்ளும் ஆசை. ஆயிரம் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடத்தில் மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வழங்கினால் போதும் என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். அன்று 4ஆம் தேதி. பெரியவர் கேட்ட இரண்டு நாட்களைக் கொடுத்திருந்தாலும் சட்டமும் மீறப்பட்டிராது, பெருநாளும் கடந்திராது.

பணம் சென்ற மறுநாள் காலை, நோன்பு 29. தையல் பிரிவில் பணிபுரியும் ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு வந்தார். கையில் நூலால் கட்டிய ஒரு சிறு கட்டு. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அன்றன்று கிழித்த தாள்கள் அவை. ஒவ்வொரு தாளின் பின்புறமும் அன்று தாம் பார்த்த மிகைநேரத்தைப் பென்சிலால் குறித்திருந்தார். ஜூன் 1, இரண்டு மணி. ஜூன் 2, இரண்டு மணி. அப்படியே தொடர்ந்து மொத்தம் 24 மணி. எங்கள் மென்பொருள் அச்சிட்டுக் கொடுத்த சம்பளச் சீட்டில் இருந்ததோ 6 மணி. மிகைநேரத்துக்கு இருமடங்கு கூலி என்றது அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். ஆகவே, விடுபட்ட 18 மணி என்பது ஏறத்தாழ 1,260 ரூபாய். அவருடைய மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. அவர் முஸ்லிம் அல்லர். பெருநாள் அவசரத்தில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

காரணத்தைக் கண்டறிய எங்களுக்கு ஒரு மணி நேரமும் ஆகவில்லை. கைரேகை இயந்திரம் நம் நாட்டு வழக்கப்படி நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதியது. எங்கள் மென்பொருளின் வாசிப்புப் பகுதியோ, அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் எதிர்பார்த்தது. முதல் எண் 12ஐத் தாண்டினால் மட்டும் அது, 'இது மாதமாக இருக்க முடியாது' என்று தானாகவே மாற்றிப் படித்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் தராது. அதனால் ஜூன் 13க்குப் பிறகு எல்லாம் சரியாக வந்தன. ஜூன் 1இல் செய்த வேலை ஜனவரி 6இல் செய்ததாகப் பதிவாயிற்று. ஜூன் 11இல் செய்த வேலை இன்னும் பிறக்காத நவம்பர் 6க்குப் போயிற்று. நாளும் மாதமும் ஒன்றாக இருந்ததால் ஜூன் 6 மட்டும் தப்பியது. நோன்பு தொடங்குமுன் ஏற்றுமதி வேலையை முடிக்க வேண்டும் என்று அந்தத் தொழிற்சாலையில் மிகைநேரம் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அந்த முதல் 12 நாட்களில்தான். மொத்தம் 190 பேருக்குக் கூலி குறைந்திருந்தது.

முன்பே சோதித்துப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தோம். சோதனைக்கு எங்கள் கைக்கு வந்தது மே 16 முதல் 31 வரையிலான பதிவு. அதில் 12ஐத் தாண்டாத நாள் ஒன்றுகூட இல்லை. சோதனை குறையின்றித் தேறியது. மகிழ்ந்து தேநீர் அருந்தினோம்.

அதைவிட உறுத்துவது வேறொன்று. பணம் போகுமுன் எங்களுள் இளையவர், மிகைநேரத்தின் மொத்தத் தொகை மே மாதத்தைவிட மிகக் குறைவாக இருப்பதைக் கவனித்துச் சொன்னார். "நோன்பு மாதம் அல்லவா, மாலையில் யார் நின்று வேலை பார்ப்பார்கள்?" என்று மூத்தவர் பதில் கூறினார். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமான விளக்கம்! நோன்பு ஏழாம் தேதிதானே தொடங்கியது என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இளையவரும் அதன்பின் வாய் திறக்கவில்லை.

இதைப் போன்றதொரு பிழையால் ஒரு விண்கலமே அழிந்தது பலருக்கு நினைவிருக்கும். செவ்வாயைச் சுற்றிவர நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை மிக நெருங்கிச் சென்று தொடர்பிழந்தது. தரையில் இயங்கிய ஒரு மென்பொருள் உந்துவிசையின் அளவைப் பவுண்டுக் கணக்கில் கொடுக்க, மற்றொன்று அதை நியூட்டன் கணக்கில் வாங்கிக்கொண்டது. கலம் செல்லும் பாதையில் ஏதோ ஒவ்வாமை இருப்பதை வழிநடத்துநர்கள் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஐயம் உரிய முறையில் எழுப்பப்பட்டு, உரியவரால் பின்தொடரப்படவில்லை. அலகு மாறியதைக் கதைபோல் எல்லோரும் சொல்வார்கள். கேட்டவருக்கு விடை கிடைக்காமல் போனதைச் சொல்பவர் குறைவு. எங்கள் அறையில் நடந்ததும் அதுதான்.

அந்தக் காலையில் தொழிற்சாலை உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுத அமர்ந்தோம். முதல் வரைவு: 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக மிகைநேரக் கணக்கில் தவறு நிகழ்ந்துவிட்டது.' இலக்கணம் சரிதான். ஆயினும் அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. மழை பெய்தது என்பது போலத் தவறு தானாகப் பொழிந்திருக்கிறது! இரண்டாம் வரைவு: 'கைரேகை இயந்திரத்தின் பதிவு முறை எங்கள் மென்பொருளோடு பொருந்தாததால்...' இதில் ஆள் வந்துவிட்டார். ஆனால் வேறு ஆள். இயந்திரம் விற்றவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவருடைய கோப்பு நம் நாட்டு முறைப்படிதான் இருந்தது.

அப்போது எங்களுள் ஒருவர் பெருமூச்சு விட்டு, "தக்தீர், என்ன செய்ய?" என்றார். நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இந்தச் சொல் படும் பாட்டைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். விதியை நம்புவது ஈமானின் தூண்களுள் ஒன்று, அதில் ஐயமில்லை. ஆனால் நமக்கு இழப்பு வரும்போது மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கொடுக்கப்பட்டதை, நம்மால் பிறருக்கு இழப்பு வந்தபோது போர்த்திக்கொள்ளும் போர்வையாக்குவது எந்த வகையில் சேரும்? உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் செல்கையில், அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதை வழியில் அறிந்து, தோழர்களிடம் ஆலோசனை கேட்டுத் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்து, பசுமையான சரிவும் வறண்ட சரிவும் கொண்ட பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேயவிடுவாய் என்ற கருத்தில் ஓர் எடுத்துக்காட்டும் சொன்னார்கள். பெரியவர் கேட்ட இரண்டு நாட்கள் எங்கள் முன்னிருந்த பசுஞ்சரிவு. நாங்கள் ஒட்டகத்தை வறண்ட பக்கம் ஓட்டிவிட்டு, தக்தீர் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

கடிதத்தின் மூன்றாம் வரைவில் 'நாங்கள்' வந்தது. நாளின் வடிவத்தை நாங்கள் குறிப்பிட்டு எழுதவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் நிபந்தனையை நாங்கள் கைவிட்டோம். தொகை குறைந்திருந்ததைக் கண்டும் நாங்கள் விசாரிக்கவில்லை.

இக்கட்டுரையையும் 'நாங்கள்' என்றே எழுதிவருவதால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இச்சொல்லும் நல்லதோர் ஒளிவிடம். மூவர் சேர்ந்து செய்த பிழை என்றால் ஒவ்வொருவர் தோளிலும் மூன்றில் ஒரு பங்கு சுமைதான் இருப்பதுபோல் மனம் கணக்குப் போடுகிறது. மறுமையில் கேள்வி கணக்கு அப்படிக் கூட்டாகக் கேட்கப்படுவதில்லை. எனவே அன்று மாலை இப்தாருக்குப் பின் ஒரு தாளில் பெயர் போட்டே எழுதினோம்: வாசிப்புப் பகுதியை எழுதியவர் யார், ஒப்பிடுவதைத் தள்ளியவர் யார், ஐயத்தை எழுப்பிவிட்டுப் பின்வாங்கியவர் யார் என்று. அவரவர் தம் வரியைத் தாமே எழுத வேண்டும், மற்றவர் வரியைத் தொடக்கூடாது என்பது ஏற்பாடு. எங்கள் அலுவலகச் சுவரில் அத்தாள் நெடுநாள் இருந்தது.

கடிதம் எழுதுவதைவிடக் கடினமான விவாதம் அதற்கு முன்னே, நண்பகலில் நடந்தது. பணத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மூத்தவர் ஒரு வழி சொன்னார். அடுத்த மாதச் சம்பளத்தில் 'நிலுவை' என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். ஒருவருக்கும் நட்டமில்லை, கூச்சலுமில்லை. கேட்டு வந்த ஒரு பெண்மணிக்கு மட்டும் உடனே கொடுத்துவிடலாம். சொல்லப்போனால், இது ஊர் வழக்கந்தான். கேட்டவருக்குக் கொடு, கேளாதவருக்குப் பிறகு பார்க்கலாம்.

நியூயார்க்கில் 59 மாடிகள் கொண்ட சிட்டிகார்ப் கட்டடத்தை வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெசூரியரின் கதை அப்போது எங்கள் பேச்சில் வந்தது. கட்டடம் எழுந்து ஆட்கள் குடிபுகுந்த பின், 1978இல், மூலையிலிருந்து வீசும் பெருங்காற்றுக்கு அது தாங்காதென்று அவர் தம் கணக்கிலிருந்தே கண்டுகொண்டார். பற்றவைக்க வேண்டிய இணைப்புகளைத் திருகாணியால் பூட்டியிருந்ததும் அதற்குத் துணைபோயிருந்தது. வாய்மூடி இருந்திருக்கலாம். அவர் தாமே உரிமையாளர்களிடம் சென்று சொன்னார். இரவு இரவாக இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துக் கட்டடத்தை வலுப்படுத்தினார்கள். பொறியியல் மாணவர்களுக்கு இதை நேர்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். எங்களுக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சுற்றிலும் குடியிருந்தவர்களுக்கு விவரம் முழுமையாகத் தெரியவந்தது 1995இல், ஓர் இதழ்க் கட்டுரையின் வழியாக. உரிமையாளரிடம் உண்மை சொன்னவர்கள், ஆபத்தின் நிழலில் உறங்கியவர்களிடம் சொல்லவில்லை. மூத்தவர் சொன்ன 'நிலுவை' வழியும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

தவ்பாவுக்கு உரிய நிபந்தனைகளை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் எண்ணிச் சொல்கிறார்கள்: பாவத்தைக் கைவிடுவது, அதற்காக வருந்துவது, மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்வது. அடியானுக்கும் இறைவனுக்கும் இடையிலான விஷயத்தில் இவை மூன்று. மற்றொரு மனிதருடைய உரிமை அதில் கலந்திருந்தாலோ நான்காவது ஒன்று சேர்கிறது: உரியவரின் உரிமையை அவரிடமே ஒப்படைப்பது. இரவுத் தொழுகையில் எவ்வளவு அழுதாலும் 1,260 ரூபாய் அந்தப் பெண்மணியின் கைக்குச் சென்று சேராது. ரமழானின் கடைசிப் பத்தில் பள்ளிவாசலில் கண்ணீர் விட்டுக்கொண்டே அலுவலகத்தில் 'நிலுவை' என்ற வரியை எழுத எங்களால் முடிந்திருக்கும் என்பதே இப்போது எண்ணினாலும் அச்சமூட்டுகிறது.

முடிவு இளையவர் சொன்னபடி ஆயிற்று. 190 பேருக்கும் குறைந்த தொகை ரொக்கமாக, உறையில் இட்டு, கணக்கு எழுதிய சீட்டோடு, பெருநாளுக்கு முன் வழங்குவது. ஆனால் அன்று நோன்பு 29. பிறை தென்பட்டுவிட்டால் விடிந்தால் பெருநாள், தொழிற்சாலை பூட்டியிருக்கும். மஃரிபுக்குப் பின் மாடியில் நின்று மேற்கு வானத்தைப் பார்த்தோம். பிறை தெரியாமல் இருக்க வேண்டும் என்று மனத்துக்குள் துஆச் செய்துகொண்டு பிறை பார்த்தவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் ஊரில் இருந்திருப்பார்களா தெரியாது. தென்படவில்லை. இரவு தராவீஹுக்குப் பிறகு பெரியவரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் எதையும் கேட்கவில்லை. பேரேட்டை எடுத்து வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தார். ஸஹர் வரை அவர் படிக்க, நாங்கள் சரிபார்த்தோம். எழும்போது, "நான் ரெண்டு நாள்தானே கேட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

உரிமையாளரும் கோபப்படவில்லை, பணத்தை உடனே எடுத்துக் கொடுத்தார். கூலி அவர் தர வேண்டியதுதானே. எங்கள் ஒப்பந்தத்தின் கடைசித் தவணையை நாங்கள் வாங்கிக்கொள்ளவில்லை. இதில் எங்களுக்குள் ஒருமனம் இருந்ததென்று சொல்ல மாட்டோம். ஒருவருக்கு வீட்டு வாடகையே இரண்டு மாதம் நின்றிருந்தது.

மறுநாள் அஸருக்கு முன் தொழிற்சாலை முற்றத்தில் நின்று, தொழிலாளர்களிடம் நடந்ததைச் சொன்னோம். ஐந்து நிமிடப் பேச்சு. பலருக்குத் தங்கள் கூலி குறைந்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது. சிலர் சிரித்தார்கள். ஒருவர், "மிஷின் வந்தா தப்பே வராதுன்னு சொன்னீங்களே" என்றார். ஆம், சொல்லியிருந்தோம். 11 பேர் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். அவர்களுக்கு உறை பெருநாள் கழிந்துதான் கிடைத்தது. அதற்கு எங்களிடம் ஈடு எதுவும் இல்லை.

இதற்குப் பின் எங்கள் மூவரின் நிலை என்ன என்ற கேள்வி எழுந்தது. பிழை செய்தவரை விலக்கிவிடுவதே பொறுப்பேற்பது என்று கருதுவோர் உண்டு. உஹதை நினைத்துப் பார்க்கிறோம். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. குன்றின்மீது 50 வில்லாளர்கள். நிலைமை எதுவானாலும் இடத்தைவிட்டு நகர வேண்டாம் என்ற கட்டளை. வெற்றி கைக்கு வந்துவிட்டதென எண்ணி அவர்களுள் பெரும்பாலோர் இறங்கினார்கள். தலைவர் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களும் ஒரு சிலரும் மட்டும் நின்று உயிர்நீத்தார்கள். வெற்றி கலைந்தது. பிறகு இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் வசனங்கள் காரணத்தை வெளியே தேடவிடாமல் அவர்களையே நோக்கித் திருப்பின. அதே அத்தியாயத்தில்தான் அவர்களை மன்னித்து, அவர்களோடு தொடர்ந்து ஆலோசனை செய்யும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணிக்கப்பட்டார்கள். இரண்டும் அருகருகே இருப்பதைப் பலமுறை ஓதியும் கவனித்ததில்லை. குற்றம் உங்களுடையது என்று தெளிவாகச் சொல்வதும், இனியும் உங்களைக் கேட்டே முடிவெடுப்போம் என்பதும்! நம் நிறுவனங்களில் முதலாவது மட்டும் கிடைக்கும், அல்லது இரண்டாவது மட்டும் கிடைக்கும்.

மூத்தவர் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் இப்போது தொகையைப் பார்த்து இளையவர் ஐயம் எழுப்பினால், விளக்கம் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. கோப்பைத் திறந்து காட்டும் கடமை மட்டுமே உண்டு. இதை அவரே விதித்துக்கொண்டார்.

வாசிப்புப் பகுதி ஒரே வரியில் திருத்தப்பட்டது. ஜூலைக் கணக்குக்கு முன் அந்தப் பெண்மணியைத் தேடிச் சென்று, "அக்கா, இனித் தாளில் எழுதிவைக்கிற சிரமம் உங்களுக்கு வேண்டாம்" என்றோம். அவர் தையல் இயந்திரத்திலிருந்து தலை தூக்காமல், "நான் எழுதிக்கிட்டுத்தான் இருப்பேன்" என்றார். அப்படியானால் மாத முடிவில் அக்கட்டை எங்களுக்கு ஒரு நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டோம். சற்று யோசித்து, "தொலைச்சிடக் கூடாது" என்றார். அதன்பின் அந்த ஒப்பந்தம் முடியும்வரை, ஒவ்வொரு மாதமும் சம்பளத்துக்கு முதல் நாள் பெரியவரின் பேரேட்டோடு அவருடைய தாள்கட்டும் எங்கள் மேசைக்கு வந்தது. ஒப்பிட்டு முடித்ததும், நூலை மறுபடியும் கட்டி, எண்ணிக் கொடுத்தோம்.